காலரா எப்படிக் கொல்கிறது, உப்பும் சர்க்கரையும் எப்படிக் காப்பாற்றுகின்றன

திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கங்களில் கோபம் தலைக்கேறும்போது "பேதியில போவான்" என்று திட்டும் வழக்கம் முதியவர்களின் பேச்சில் இன்னும் மிஞ்சியிருக்கிறது. இன்று அதைக் கேட்பவர்களுக்கு அது வெறும் வசவு. வாந்திபேதி என்று நம் முன்னோர் அழைத்த காலரா ஊருக்குள் நடமாடிய காலத்தில் அதன் பொருள் எல்லோருக்கும் விளங்கியிருந்தது. காலையில் களத்துமேட்டில் நின்று வேலை பார்த்த ஆள், இரவு கழிவதற்குள் கண்கள் குழிவிழுந்து, குரல் கம்மி, தோல் சுருங்கி இறந்துபோவதைப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லை எளிதாக வாயில் எடுத்திருக்க மாட்டார்கள். மருத்துவம் கிடைக்காவிட்டால் கடுமையான காலரா கண்டவர்களில் பாதிப் பேர் வரை இறக்கக்கூடும். உரிய நேரத்தில் மருத்துவம் கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறப்பதில்லை. இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் மருந்தில் முதன்மையானவை உப்பும் சர்க்கரையும் தூய நீருமே. அது எப்படி நடக்கிறது என்பதை விளக்குவதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

காலராவை உண்டாக்கும் பாக்டீரியாவின் பெயர் விப்ரியோ காலரே. அதன் உடல் காற்புள்ளியைப் போலச் சற்று வளைந்தது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. ஒரு முனையில் ஒற்றை வால் உண்டு. அதைச் சுழற்றி அது நீரில் மிக வேகமாக நீந்தும். நோயாளியின் கழிச்சலில் ஒரு துளியை எடுத்து உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், எரிநட்சத்திரங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்வதைப் போல அவை ஓடுவதைக் காணலாம்.

இந்த உயிரி வாழ்வதற்கு மனிதர்கள் தேவையில்லை. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகங்களும் உவர்நீர்ப் பகுதிகளுமே அதன் சொந்த வீடு. வங்காளத்தின் சுந்தரவனக் காடுகளை ஒட்டிய நீர்ப்பரப்பு அதற்கு மிக உகந்த இடம். அங்கே நீரில் மிதக்கும் கோப்பிபாடு என்னும் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஓட்டுயிரிகளின் மேல் இது கூட்டமாக ஒட்டிக்கொள்கிறது. இறாலின் ஓட்டில் இருக்கும் கைட்டின் என்னும் பொருள்தான் அந்தச் சிற்றுயிரிகளின் மேலோட்டிலும் இருக்கிறது. அதை உணவாகக் கரைத்து உண்ணும் திறன் இந்தப் பாக்டீரியாவுக்கு உண்டு. நீர் வெதுவெதுப்பாகி மிதவையுயிரிகள் பெருகும் காலத்தில் இதுவும் பெருகுகிறது. கட்டுரையின் முடிவில் ஒரு பழைய சேலையைப் பற்றிப் பேசும்போது இந்தச் செய்தி மீண்டும் தேவைப்படும்.

விப்ரியோ காலரேயில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இனங்காணப்பட்டுள்ளன. அவற்றில் ஓ1, ஓ139 என்னும் இரண்டு மட்டுமே பெருங்கொள்ளை நோயை உண்டாக்கியிருக்கின்றன. அந்த இரண்டுக்கும் இருக்கும் கொடிய ஆயுதம் ஒரு நச்சுப் புரதம். அந்த நச்சைச் செய்வதற்கான மரபணு பாக்டீரியாவின் பூர்விகச் சொத்தில்லை. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து அதன் டி.என்.ஏ.வுக்குள் செருகிவிட்டுப் போன சரக்கு அது. இது 1996ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. ஒரு வைரஸின் வழியே நஞ்சு பெற்ற பாக்டீரியா மனிதனைக் கொல்கிறது என்பது, நோய்களைப் பற்றி நான் அறிந்தவற்றுள் என்னை மிகவும் வியக்கவைத்த செய்திகளில் ஒன்று.

மாசுபட்ட நீரையோ உணவையோ உட்கொள்ளும்போது இது வயிற்றை அடைகிறது. இரைப்பையின் அமிலம் இதற்குக் கடும் எதிரி. நலமாக உள்ள ஒருவருக்கு நோய் வரக் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உள்ளே போக வேண்டியிருக்கும். அமிலத்தைத் தணிக்கும் மருந்து உட்கொண்டவருக்கோ சில ஆயிரங்களே போதும். ஓ இரத்த வகையினருக்கு நோய் கடுமையாக வரும் வாய்ப்பு கூடுதல் என்பதும் உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. ஒரே கிணற்று நீரைக் குடித்த வீட்டில் ஒருவர் சாகக் கிடக்க, இன்னொருவர் இரண்டு முறை வயிற்றுப்போக்குடன் தப்பிவிடுவதற்கு இப்படிப் பல காரணங்கள் உண்டு. தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது, அல்லது லேசான கழிச்சலோடு போய்விடும். ஆனால் அவர்களுடைய மலத்திலும் சில நாட்களுக்குக் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும் என்பதால் நோய் ஓசையின்றிப் பரவுகிறது.

இரைப்பையைத் தாண்டிய பாக்டீரியாக்கள் சிறுகுடலின் சளிப்படலத்தைத் துளைத்து நீந்திச் சென்று, குடல் சுவரின் செல்களில் ஒட்டிக்கொண்டு பெருகுகின்றன. சீதபேதிக் கிருமி செய்வதைப் போல அவை சுவரைக் கிழிப்பதில்லை. செல்லுக்குள் நுழைவதில்லை, புண்ணாக்குவதில்லை, இரத்தத்தில் கலப்பதுமில்லை. அதனால்தான் காலராக் கழிச்சலில் பெரும்பாலும் இரத்தம் இருக்காது, காய்ச்சலும் அரிது. கிருமி வெளியே நின்றுகொண்டு நச்சை மட்டும் உள்ளே அனுப்புகிறது.

அந்த நச்சுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஐந்து சிறு துண்டுகள் வளையமாகச் சேர்ந்த ஒரு பகுதி குடல் செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ள, மற்றொரு பகுதி உள்ளே நுழைந்து வேலையைத் தொடங்குகிறது. குடலின் செல்களில் உப்பையும் நீரையும் தேவைக்கேற்பக் குடலுக்குள் விடும் வாயில்கள் இருக்கின்றன. அவற்றை ஏரி மதகுகளாக எண்ணிக்கொள்ளலாம். உணவு செரிப்பதற்குக் கொஞ்சம் நீர் வேண்டுமென்றால் மதகு திறக்கும். வேலை முடிந்ததும் மூடும். திறக்கவும் மூடவும் ஆணையிடும் ஒரு புரதம் செல்லுக்குள் இருக்கிறது. காலரா நச்சு அந்தப் புரதத்தைத் 'திற' என்ற நிலையிலேயே இறுக்கிவிடுகிறது. மதகைத் திறந்துவிட்டு, மூடுவதற்கான திருகைக் கழற்றி எறிந்துவிட்டால் எப்படியோ அப்படி. செல்லுக்குள் சுழல் ஏ.எம்.பி. என்னும் செய்திப் பொருள் அளவு மீறிச் சேர, குளோரைடு வாயில்கள் திறந்தபடியே நிற்கின்றன. குளோரைடு வெளியேற, அதைத் தொடர்ந்து சோடியமும், சோடியத்தின் பின்னால் நீரும் இரத்தத்திலிருந்து குடலுக்குள் கொட்டத் தொடங்குகின்றன.

வெளியேறுவது மலமாகத் தோன்றாது. தொடக்கத்தில் இருந்த கழிவு போனபிறகு, அரிசி களைந்த கழுநீரைப் போல வெளிறி, சிறு சளித் துணுக்குகள் மிதக்க, மெலிதான மீன் வாடையுடன் நீராகவே போகும். கடுமையான நிலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரை போகலாம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஆறு லிட்டர் நீரை இழந்தால், அது உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. அந்த நிலையை மருத்துவர்கள் கடும் நீரிழப்பு என்பார்கள். அதை எட்ட ஆறேழு மணி நேரமே போதும் என்பது கணக்குப் பார்த்தால் புரியும். நீருடன் பொட்டாசியமும் பைகார்பனேட்டும் சேர்ந்தே போய்விடுவதால் கால் தசைகள் குரக்களி பிடித்து இழுக்கும், இரத்தம் அமிலத்தன்மை அடையும், மூச்சு வேகமாகும். வயிற்றுத் தோலை இரு விரல்களால் கிள்ளி விட்டால் அது உடனே சமனாகாமல் சற்று நேரம் மடிப்பாகவே நிற்கும். சிறுநீர் நின்றுபோகும். மணிக்கட்டில் நாடி கிடைக்காது. இவ்வளவுக்கும் நடுவே பல நோயாளிகளுக்கு நினைவு தெளிவாகவே இருக்கும். அது காலராவின் கொடுமைகளில் ஒன்று.

டாக்காவிலுள்ள பன்னாட்டு வயிற்றுப்போக்கு ஆய்வு மருத்துவமனையில் காலராக் கட்டில் என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். இறுக்கிக் கட்டிய விரிப்பின் நடுவே வட்டமாக ஒரு துளை. அதன் கீழே அளவுக் கோடிட்ட வாளி. நோயாளி எழுந்து நடக்க வேண்டியதில்லை. செவிலியர் வாளியைப் பார்த்து எவ்வளவு போனது என்று குறித்துக்கொண்டு, அதே அளவு நீரை உடலுக்குள் திரும்பச் செலுத்துகிறார். காலரா மருத்துவத்தின் சாரம் முழுவதும் அந்த வாளியில் அடங்கிவிடுகிறது: போன அளவுக்குத் திருப்பிக் கொடு. ஏனெனில் குடல் சுவரின் செல்கள் சில நாட்களுக்கு மேல் உயிர்வாழ்வதில்லை. நச்சேறிய செல்கள் தாமாகவே உதிர்ந்து, மதகுகள் ஒழுங்காக உள்ள புதிய செல்கள் அந்த இடத்துக்கு வந்துவிடும். அதுவரை நீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொண்டால் நோயாளி பிழைத்துக்கொள்வார். டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் கழிச்சலின் அளவையும் நாட்களையும் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் அவை துணை மருந்துகள்.

இரத்தக் குழாய் வழியே உப்புநீர் ஏற்றிக் காலரா நோயாளியைக் காப்பாற்றலாம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முயன்று பார்க்கப்பட்டது. ஆனால் ஊசியும் குழாயும் கிருமி நீக்கிய புட்டிகளும் பயிற்சி பெற்றவரும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? நீரை வாய் வழியே கொடுத்தால் என்ன என்று எவருக்கும் தோன்றும். வெறும் நீரையோ வெறும் உப்புநீரையோ கொடுத்தால் குடல் அதை ஏற்காது. அதுவும் கழிச்சலோடு கழிச்சலாகப் போய்விடும். இங்கேதான் குடலின் இரண்டாவது வாயில் உதவுகிறது. குளுக்கோஸும் சோடியமும் கைகோத்து வந்தால் மட்டும் திறக்கும் ஒரு வாயில் சிறுகுடல் செல்களில் இருக்கிறது. இதை 1960இல் இராபர்ட் கிரேன் என்னும் உயிர்வேதியியலாளர் விளக்கினார். காலரா நச்சு இந்த வாயிலைத் தொடுவதேயில்லை. ஆகவே உப்புடன் சர்க்கரையையும் சரியான அளவில் கலந்து கொடுத்தால், மதகு வழியே நீர் கொட்டிக்கொண்டிருக்கும் அதே குடல், பக்கத்து வாயில் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சர்க்கரை சுவைக்காகவோ தெம்புக்காகவோ சேர்க்கப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது உப்பை உள்ளே அழைத்துச்செல்லும் துணை. உப்பு நீரை அழைத்துச்செல்கிறது.

டாக்காவிலும் கொல்கத்தாவிலும் 1960களில் மருத்துவமனைகளுக்குள் இது மெய்ப்பிக்கப்பட்டது. ஆனாலும் மருத்துவர்களின் நேர்க் கண்காணிப்பு இல்லாமல் இதைக் கொடுக்கலாமா என்ற தயக்கம் பலரிடம் இருந்தது. 1971இல் வங்கதேசப் போரின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. பன்காவ் என்னும் எல்லை ஊரின் சிறு மருத்துவமனைக்குக் குழந்தை மருத்துவரான திலீப் மகலனாபிஸ் அனுப்பப்பட்டார். கழிச்சலும் வாந்தியும் படிந்த தரையில் மண்டியிட்டு நோயாளிகளுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. ஏற்றும் நீர் தீர்ந்துகொண்டே வந்ததால் அவர் துணிந்து ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் கொல்கத்தாவில் பொட்டலங்கள் கட்டவைத்து, முகாமில் பெரிய டிரம்களில் கரைத்து, குழாய் வைத்து, நோயாளிகளின் உறவினர்களே கோப்பைகளில் பிடித்துக் குடிக்கக் கொடுக்கும்படி செய்தார். முகாமில் முப்பது விழுக்காடு அளவில் இருந்த இறப்பு, அவருடைய பொறுப்பில் இருந்தவர்களிடையே 3.6 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவர் கையிலிருந்த உயிர்காக்கும் வேலையைத் தாயின் கைக்கும் தங்கையின் கைக்கும் மாற்றித் தரலாம் என்பதை அந்த டிரம்கள் காட்டின. அவர் 2022இல் காலமானார்; மறுஆண்டு பத்ம விபூஷண் விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது.

இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்தக் கலவையின் திருத்தப்பட்ட வடிவம். 2002 முதல் உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கும் அளவுகள் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு. சிட்ரேட் இரத்தத்தின் அமிலத்தன்மையைச் சரிசெய்யும். பொட்டாசியம் இழந்ததை ஈடுகட்டும். இதில் நம் வீடுகளில் நடக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைப் பிரித்து, ஒரு டம்ளர் நீரில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி, மீதியை மடித்து அலமாரியில் வைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் கரைசல் மிகவும் செறிவாகி, குடலுக்குள் நீரை இன்னும் இழுத்துவிடும். குழந்தைகளுக்கு இரத்தத்தில் உப்பு அளவு மீறிவிடும் ஆபத்தும் உண்டு. 200 மில்லி லிட்டருக்கான சிறு பொட்டலங்களும் கடையில் இருப்பதால், உறையில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு, முழுப் பொட்டலத்தையும் அந்த அளவு நீரில் ஒரே முறையில் கரைக்க வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இனிப்பு மிகுந்த பழச்சாறு, சோடா போன்றவை இதற்கு மாற்றாகா.

பொட்டலம் கிடைக்காத இடத்தில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒவ்வொரு கழிச்சலுக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லி லிட்டர், அதற்கு மேல் பத்து வயது வரை 100 முதல் 200, பெரியவர்களுக்கு அவர்கள் குடிக்குமளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடர வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. அரிசி மாவால் செய்த கரைசல் காலராவில் கழிச்சலின் அளவைக் குறைப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, அரிசியின் மாவுச்சத்து குடலில் சிறிது சிறிதாகக் குளுக்கோஸாக மாறுவதே காரணம். ஆனால் நோயாளி துவண்டுபோனாலோ, குடிக்க முடியாமல் போனாலோ, சிறுநீர் நின்றாலோ வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நிலையில் இரத்தக் குழாய் வழியே நீர் ஏற்றினால்தான் உயிர் தப்பும்.

இந்த நோய் நீரின் வழியே பரவுகிறது என்பதை உலகம் ஏற்றுக்கொள்ளவே நெடுங்காலம் பிடித்தது. கெட்ட காற்றே காரணம் என்று நம்பிய இலண்டனில், 1854 ஆகஸ்டு முடிவில் பிராட் தெருவைச் சுற்றி மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் வீடு வீடாகப் போய் எங்கே நீர் எடுத்தீர்கள் என்று கேட்டார். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருவின் கைப்பம்பு நீரைக் குடித்தவர்கள். அருகிலேயே இருந்த பீர் ஆலையின் தொழிலாளர்கள் அந்த நீரைத் தொடாததால் தப்பியிருந்தார்கள். செப்டம்பர் 8ஆம் நாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. ஒரு பச்சிளங்குழந்தையின் கழிவுத் துணிகளைக் கழுவிய நீர் விழுந்த குழி, அந்தக் கிணற்றிலிருந்து சில அடி தொலைவிலேயே இருந்தது பின்னர் தெரியவந்தது. அதே 1854இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிலிப்போ பாச்சினி இறந்தவர்களின் குடலில் இந்தக் கிருமியைக் கண்டு எழுதினார், யாரும் பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1884இல் ராபர்ட் கோக் கொல்கத்தாவில் அதைத் தனியே பிரித்து வளர்த்தார். மக்கள் குடித்த குளத்து நீரிலும் அதைக் கண்டார்.

கிருமி தெரிந்த பிறகும் அது எப்படிக் கொல்கிறது என்பது மேலும் எழுபத்தைந்து ஆண்டுகள் புதிராகவே இருந்தது. அதை அவிழ்த்தவர் கொல்கத்தாவின் சம்பு நாத் தே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு பக்கமும் நூலால் கட்டி, பாக்டீரியாக்களை வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீரை மட்டும் அதற்குள் செலுத்தினார். கிருமியே இல்லாத அந்த நீருக்கே குடல் பகுதி நீர் கோத்துப் பலூன் போல உப்பியது. நோயைச் செய்வது கிருமி சுரக்கும் நச்சு என்பது 1959இல் அவ்வாறு நிறுவப்பட்டது. மேலே சொன்ன மதகு விளக்கம் முழுவதும் அந்த முயல் குடலிலிருந்து தொடங்கியதே. நம் பாடநூல்களில் ஸ்னோவுக்கும் கோக்குக்கும் கிடைக்கும் இடம் அவருக்குக் கிடைக்காதது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது.

1817 முதல் காலரா ஏழு முறை உலகைச் சுற்றிப் பரவியிருக்கிறது. 1961இல் இந்தோனேசியாவில் தொடங்கிய ஏழாவது பரவல் இன்னும் ஓயவில்லை. 1992இல் சென்னையில் நோயாளிகளிடம் கண்டறியப்பட்ட ஒரு புதுவகை, முந்தைய வகைக்கு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் தாக்கியது, அதுவே ஓ139. 2010இல் ஹெய்ட்டியில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததைத் தொடர்ந்து கிளம்பிய நோயில் பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா உறுதியாகி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் நம் ஊர்களில், நீர் வராத நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறையும்போது விரிசல் வழியே சாக்கடை உள்ளே உறிஞ்சப்படுவது இதற்குப் பெரிய வாய்ப்பைத் தருகிறது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமல் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். கொதிக்கவைத்த நீரில் இந்தக் கிருமி பிழைக்காது. வாய்வழித் தடுப்பு மருந்துகளும் உள்ளன. அவை சில ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு தரும்.

விறகுக்கும் வழியில்லாத வங்கதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில், ரீட்டா கோல்வெல் என்னும் அமெரிக்க நுண்ணுயிரியலாளரும் அவருடைய குழுவினரும் வேறொரு வழியைச் சோதித்தார்கள். பாக்டீரியா தனியாக வடிகட்ட முடியாத அளவுக்குச் சிறியதென்றாலும், அது ஒட்டியிருக்கும் மிதவையுயிரி பெரியது. பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி நீரை ஊற்றினால் அந்த உயிரிகள் துணியிலேயே தங்கிவிடும். துவைத்துத் துவைத்து இழைகள் பஞ்சு விட்ட சேலை, புதுச் சேலையைவிட நன்றாக வடிகட்டியது. 2003இல் வெளிவந்த முடிவின்படி, இப்படி வடிகட்டிய கிராமங்களில் காலரா 48 விழுக்காடு குறைந்திருந்தது. நீரில் தனித்து நீந்தும் கிருமிகள் துணியின் இடைவெளி வழியே போய்விடும் என்பதால் காய்ச்சிய நீருக்கு அது ஈடாகாது. ஆயினும் ஆய்வு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பெண்கள், சொல்லிக்கொடுத்தவர்கள் போன பின்னும், குடிநீரை வடிகட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.